உவள் சொல்லாத பாதி

போன கிழமை சுன்னாகத்திலிருந்து ஒரு பெண் சட்டை தைக்கக் கொடுப்பதற்கு வந்தார். துணிப்பையை மேசையில் வைத்தார். அளவெடுக்க நிற்பதற்கு முன்னால் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை ஒருக்கா ஏசுங்கோ" என்றார்.

"ஏன் உங்களை ஏசுவான்?"

"வீடியோவிலை ஏசுற மாதிரித்தான். என்ரை சிநேகிதப் பிள்ளையளுக்குக் காட்டோணும்."

ஏசினேன். அவர் அளவுக்கென்று கொண்டுவந்திருந்த பழைய சட்டையை விரித்துப் பிடித்து, "உது கலியாணத்துக்கு முந்தின உடம்பு. உந்த உடம்பு போயிட்டுது. உதை ஏன் எனக்குக் காட்டுறியள்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையில் அந்தச் சட்டை அவருக்கு அளவாகவே இருந்திருக்கும். கையில் எடுத்ததுமே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

துணியைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பொய் சொல்ல மாட்டேன் என்பதுதான் ஒரு காலத்தில் என்னிடம் இருந்த ஒரே பெருமை.

மானிப்பாயில் என் வீட்டு முன்னறையில் இருபது வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறேன். எனக்குப் பொல்லாத வாய். அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதைச் சொல்லி என் அம்மா அழுதிருக்கிறார். பத்து வருடப் பழசான சட்டையைக் கொண்டுவந்து "இதே அளவு" என்பவர்களுக்கு, அது பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்வேன். அந்த மஞ்சள் உங்களை நோயாளியாகக் காட்டும் என்று சொல்வேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். வந்தவர்களுக்குச் சட்டை சரியாக இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அறையில் நான் தனியாக இருக்கவில்லை. என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். பதினாறு வயதில், சண்டைக்கு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, இரண்டு பேருக்கும் ஒரே பாய். திரும்பி வந்ததும் ஒரே தையல் வகுப்பு. நான் வெட்டித் தைப்பேன். கொக்கி, கைத்தையல், விளிம்பு மடிப்பு எல்லாம் அவள். தினமும் காலை எட்டரைக்குச் சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு வந்து, அறைக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள வாசலில் பலகைக்கட்டையைப் போட்டு உட்காருவாள். யன்னல் வெளிச்சம் அங்கேதான் நேராக விழும். ஊசியில் நூல் கோர்க்க நாற்பத்தைந்து வயதிலும் அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

அவள் கலியாணம் செய்யவில்லை. ஒரு முறை பேச்சு முற்றாகி, நாளும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வெளிநாடு. கூறைச் சேலை அவர்கள் பக்கத்தால் வரவேண்டும். சட்டைத் துணியை மட்டும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். நான் தைத்தேன், கொக்கிகளை அவளே வைத்தாள். பிறகு அங்கே வேறு ஒருத்தியைக் கலியாணம் எழுதிவிட்டான் என்று செய்தி வந்தது. அந்தச் சட்டை அவளுடைய அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை. பகிடி மட்டும் விடுவோம்.

அந்தப் பகிடிக்கு இரண்டு பாதி. வாடிக்கைக்காரர் யாராவது கொக்கி கழன்றுவிடுமோ என்று கேட்டால் நான் சொல்வேன்: "உவள் வைச்ச கொக்கி கழராது. இருவது வருசமாக் கொக்கி வைக்கிறாள், உவளின்ரை கொக்கியைக் கழட்ட ஒருத்தனும் வரேல்லை." அவள் தலையை நிமிர்த்தாமல், பல்லில் நூலைக் கடித்தபடி சொல்வாள்: "உன்ரையைக் கழட்ட வந்த மனுசன் படுற பாட்டைப் பாத்துத்தான் நான் வேண்டாமெண்டனான்." பிறகு மூன்று பேரும் சிரிப்போம். எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகுதான் அந்தப் பயிற்சி வந்தது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கென்று யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள். நான் தனியாகப் போக மாட்டேன் என்றதால் அவளும் துணைக்கு வந்தாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, என் மகள் வயது இருக்கும், நல்ல தெளிவாகக் கதைத்தாள். "அக்காமார், உங்கட பிராண்ட் எண்டது உங்கட பேர்ப்பலகை இல்லை. நீங்கள்தான். சனம் உங்களைப் பாத்துத்தான் வாங்குது. நடிக்காதைங்கோ, நீங்கள் நீங்களாகவே இருங்கோ" என்றாள். பிறகு எல்லோருக்கும் ஒரு தாள் தந்து, உங்களைப் பற்றி மூன்று சொல் எழுதச் சொன்னாள். நான் 'வாய், வாய், வாய்' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் 'தேத்தண்ணி எப்ப வரும்' என்று எழுதி என் பக்கம் தள்ளினாள். பின்வரிசையில் இரண்டு கிழடுகள் வகுப்பைக் குழப்புகிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

எனக்கோ அந்தப் பேச்சு உள்ளே போய்விட்டது. என் வாயால் என்னை ஒதுக்கியவர்கள்தான் உண்டு. அந்த வாயே உன் மூலதனம் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பால்மா டின்னில் தொலைபேசியைச் சாத்தி வைத்து முதல் வீடியோவை எடுத்தேன். "வணக்கம் உறவுகளே, இன்று நாம் பார்க்க இருப்பது" என்று தொடங்கினேன். வாசலில் இருந்தவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடி, ஆரடி நீ? மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"அப்ப எப்பிடிக் கதைக்கச் சொல்லுறாய்?"

"என்னோடை கதைக்கிற மாதிரிக் கதையன்."

அப்படியே செய்தேன். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அவளோடு கதைத்தேன். ஏசினேன், நையாண்டி பண்ணினேன், "உவளைக் கேளுங்கோ, உவளுக்குத் தெரியும்" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினேன். அவள் ஒரு நாளும் கமராவுக்குள் வரமாட்டாள். ஒரு கையோ, நூல் கட்டையோ, சேலைத் தலைப்போ மட்டும் ஓரத்தில் தெரியும். சனம் பார்க்கத் தொடங்கியது. மானிப்பாய்ச் சனம் மட்டுமில்லை, கனடாவில் இருக்கிற சனம், லண்டனில் இருக்கிற சனம். எங்கள் அம்மா கதைப்பது போலவே இருக்கிறது என்று எழுதினார்கள்.

இந்தியாவிலிருந்து பார்த்த ஒருவர் கேட்டிருந்தார்: உவள் என்பது எழுத்துப் பிழையா, அவளா, இவளா? அதற்கு ஒரு வீடியோவே போட்டேன். இவள் என்றால் என் பக்கத்தில் நிற்பவள். அவள் என்றால் அங்கே, தூரத்தில், கண்ணுக்கு மறைவில். உவள் என்றால் இரண்டுக்கும் நடுவில், உந்தா உதிலை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவள். இதைச் சொல்லிவிட்டு வாசலைக் காட்டி, "உவள்தான் உவள்" என்றேன். அது பரவிய பரவலுக்கு நானே பயந்துபோனேன். எல்லோரும் 'உவள் எப்படி இருக்கிறா' என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பயிற்சிப் பிள்ளை தொலைபேசி எடுத்து, உங்களுடைய அடையாளமே அந்தச் சொல்தான், பக்கத்தின் பெயரை மாற்றுங்கள் என்றாள். 'உவளும் நானும்' என்று மாற்றினேன். மாற்றிய பிறகுதான் அவளுக்குக் காட்டினேன்.

"உன்ரை விருப்பம்" என்றாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். உடம்பைப் பார்த்து அளவு சொல்கிறவளுக்கு முகத்தைப் பார்த்து மனதைச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நேரலை போனேன். நல்ல கூட்டம். யாரோ, கொக்கி இறுக்கமாக இருக்குமா என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் வந்தது. "உவள் வைச்ச கொக்கி கழராது. இருவது வருசமாக் கொக்கி வைக்கிறாள், உவளின்ரை கொக்கியைக் கழட்ட ஒருத்தனும் வரேல்லை."

சொல்லிவிட்டு அவளுடைய பாதிக்காகக் காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை. என் புருசனைப் பற்றி ஊருக்கு முன்னால் அவள் எப்படிச் சொல்வாள்? அவளுக்கு அந்தளவு மட்டுமரியாதை தெரியும். அவள் மடியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் சிரிப்பு முகங்கள் மேலேறிக்கொண்டே இருந்தன. வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு மூன்று நொடியை நிரப்ப, நானே சத்தமாகச் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை எங்காவது கேட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, எவரெவரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டுப் போட்டு அனுப்புகிறார்கள்.

அவள் அன்றைக்கு மிச்சமிருந்த கொக்கிகளையும் வைத்து முடித்துவிட்டுத்தான் போனாள். ஞாயிறு எப்போதும் வரமாட்டாள். திங்கள் வந்தாள். செவ்வாயும் வந்தாள். புதன் அவளுக்கு உறவுக்காரரின் புது வீட்டுக் குடிபூரல் கரவெட்டியில். அங்கே பந்தியில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, "நீங்களோ உந்த உவள்" என்று கேட்டிருக்கிறார். ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பகிடியைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஆண்களும் இருந்த பந்தி அது. வியாழன் அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி வேண்டுமோ என்று கேட்டாள். இருபது வருடத்தில் அவள் எனக்குக் கதிரை போட்டதில்லை. நான் போய்க் குசினிக்குள் குந்துகிற ஆள்.

"பகிடிக்குச் சொன்னது தானேயடி. எத்தினை தரம் சொல்லியிருப்பன்."

"ஓம். எனக்குச் சொன்னனி."

"அப்ப என்ன?"

"அது எனக்குச் சொன்ன கதை. நான் அதுக்கு மறுமொழி சொல்லுவன், நீ சிரிப்பாய், முடிஞ்சுது. இப்ப என்னட்டை ஆர் வந்து மறுமொழி கேக்கினம்? சிரிச்சுப்போட்டுப் போகினம்."

அந்த நேரலைப் பதிவை அழித்துவிடுகிறேன் என்றேன். அங்கேயே நின்று, அவளுக்கு முன்னாலேயே அழித்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை, மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாள் விடு" என்றாள். அந்தக் கொஞ்ச நாளை விட்டிருந்தால் அவள் வந்திருப்பாள் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். கொடிகாமத்துப் பாயில் தொடங்கி எவ்வளவோ சண்டை பிடித்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் எடுத்தது, அவ்வளவுதான்.

விட்டேனா? இல்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உவள் எங்கே, உவள் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சிப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் கெட்ட பிள்ளை இல்லை, கவலைப்பட்டுத்தான் சொன்னாள்: "அக்கா, ஒளிக்காதைங்கோ. பிழை விட்டா விட்டதெண்டு சொல்லுங்கோ. உங்கட உண்மைக்குத்தான் சனம் உங்களோடை நிக்குது." அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மை என்றால் எப்போதும் நல்லதுதான் என்று என் வாயைப் போல நானும் நம்பியிருந்தேன்.

மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பால்மா டின்னில் தொலைபேசியைச் சாத்தினேன். வாசலில் கிடந்த பலகைக்கட்டையைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன், அது நடிப்பில்லை, நெஞ்சு வெடிக்கிற அழுகை. அழுகையோடு அழுகையாக, அது ஏன் அவளுக்கு அவ்வளவு வலித்தது என்று விளக்க வேண்டும் போலிருந்தது. கூறைச் சட்டைக் கதையைச் சொன்னேன். துணி வந்ததை, நான் தைத்ததை, அவள் தன் கையால் கொக்கி வைத்ததை, அலுமாரியில் மடித்தபடி இருப்பதை. எங்களுக்குள்ளேயே ஒரு நாளும் கதைக்காத கதையை, பால்மா டின்னுக்குச் சொன்னேன்.

அதுவரை நான் போட்டவற்றில் அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். 'அக்கா உங்களுக்குப் பெரிய மனது' என்று எழுதினார்கள். எனக்கு. அந்தச் சட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். மாப்பிள்ளை பார்த்துத் தருவதாக எழுதினார்கள். அவளுடைய வீட்டைத் தேடி இரண்டு பெண்கள் பழங்களோடு ஆறுதல் சொல்லப் போயிருக்கிறார்கள், செத்த வீட்டுக்குப் போவது போல. அவள் படலையைத் திறக்கவில்லை. அந்தக் கிழமை எனக்கு வந்த வேலைகளை நான் ஒருத்தியாகத் தைத்து முடிக்கவே முடியாது.

மறுபடி அவளிடம் போனேன். படலை பூட்டியிருந்தது. உள்ளே வானொலிச் சத்தம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வானொலி நின்றது. ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவள் இருந்தாள்.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு கடைக்குக் கொக்கி வைக்கப் போகிறாள் என்று கேள்வி. இரண்டு மாதத்துக்கு முன்னால் மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவளைக் கண்டேன். நான் தெருவின் மற்றப் பக்கம். பச்சைச் சேலை, புதுச் சட்டை. அது நான் தைத்ததில்லை. இருபது வருடமாக அவளுக்கு நான்தான் தைத்தேன், அளவு நாடா எடுக்காமலே தைப்பேன். அவளுடைய இடது தோள் வலதை விட அரை விரல் தாழ்வு. பள்ளிக்கூட நிலத்தில் பாயில் கிடந்த காலத்தில் விழுந்து முறிந்து, சரியாகப் பொருந்தாமல் போன தோள். தைத்தவருக்கு அது தெரியாது. துணி அந்த இடத்தில் சுருங்கிக் கிடந்தது. தெருவைக் கடந்து போய் அதை இழுத்துச் சரிசெய்துவிடக் கை துடித்தது. பஸ் வந்து மறைத்தது. அது போனபோது அவள் இல்லை.

என் மனுசன் அதிகம் பேசாதவர். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கறிக்கு உப்புக் காணாது என்று அவர் சொல்ல, நான் ஏதோ நையாண்டியாகச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி, "இஞ்சை கமரா இல்லை, சாதாரணமாக் கதையும்" என்றார். சாதாரணமாகக் கதைக்க முயன்றேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை நான் அவளோடு கதைக்க வைத்திருந்தேன். அவள் போன பிறகு அது யாரோடு கதைக்கிறதென்றே தெரியாமல் கதைத்துக்கொண்டிருக்கிறது. நீ நீயாகவே இரு என்றார்கள். அந்த நான், இரண்டு பேர் சேர்ந்து செய்தது.

சுன்னாகத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்து முடித்து, அளவும் கொடுத்து முடித்து, போவதற்கு முன்னால் தொலைபேசியை மறுபடி உயர்த்தினார்.

"அக்கா, எங்கை உவள்?"

நான் வாசலைப் பார்த்தேன். அங்கே பலகைக்கட்டை இருக்கிறது. நான்தான் எடுக்கவில்லை. வெளிச்சம் வழக்கம் போல அதில் விழுந்திருந்தது.

"அவள் இப்ப வாறேல்லை" என்றேன்.

அவள். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இத்தனை மாதத்தில் அவளை நான் அப்படிச் சொன்னதில்லை. வாய் உண்மை சொல்லி வெகு நாளாகியிருந்தது, அன்றைக்குச் சொன்னது உண்மை. அப்படியே மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் தொலைபேசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ அக்கா, பதிவாகேல்லை" என்றார். "உதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, அதே மாதிரி."

வாசல் பக்கம் திரும்பி நின்று, இன்னொரு முறை சொன்னேன். முதல் தடவையை விட நன்றாக வந்தது.